வீட்டிற்கு ஏற்ற சிறு நாய்



வீட்டிலே நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால், பெற்றோர் முதலில் மறுப்பர். பின்பு தவணை சொல்லுவர். பரீட்சை முடியட்டும், மாரிகாலம் கழியட்டும் என்று நாளைக் கடத்துவர். ஈற்றிலே, "பெரிய நாய் வேண்டாம், சின்னதாக ஒன்று பார்ப்போம்" என்று உடன்படுவர். இந்த உடன்பாட்டினுள்ளே ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. சிறிய நாய் என்றால் சிறிய செலவு, சிறிய தொல்லை, சிறிய பொறுப்பு என்பதே அவ்வெண்ணம். அஃது எவ்வளவுக்கு உண்மை, எவ்வளவுக்குப் பிழை என்பதை ஆராய்ந்து, ஒரு குடும்பம் தனக்கேற்ற சிறு நாயைத் தெரிந்தெடுக்கும் முறை யாது என்பதை இன்று நோக்குவோம்.

நாய் மனிதனோடு கூடி வாழத் தொடங்கியது உழவுத் தொழில் தோன்றுவதற்கும் முன்னர் என்பது அறிஞர் துணிபு. ஆடும் மாடும் கோழியும் நம்மிடம் வந்து சேர்ந்தது அதற்குப் பின்னரே. நட்பின் இயல்பை ஆராயும் நாலடியார் யானையையும் நாயையும் ஒப்புநோக்குகின்றது. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொன்றுவிடக் கூடும். நாயோ தன் தலைவன் எறிந்த வேல் உடலிலே நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அந்நூலின் கருத்து. இத்தகைய ஓர் உயிரை வீட்டிற்குக் கொண்டுவரும்போது, ஒரு நாற்காலி வாங்குவதற்குச் செலவிடும் யோசனையையேனும் நம்மிற் பலர் செலவிடுவதில்லை. நாற்காலியாயின் காலை ஆட்டிப் பார்க்கிறோம். மரம் என்னவென்று கேட்கிறோம். நாய்க்குட்டியாயின் முகத்தைப் பார்த்தவுடனே மயங்கிவிடுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். மெக்சிக்கோ நாட்டிலே தோன்றிய சிவாவா என்னும் நாய் பெரும்பாலும் 3 கிலோகிராமுக்குள் அடங்கும். ஐரோப்பாவின் பெருநாய்களுட் சில, வளர்ந்த மனிதன் ஒருவனின் நிறையை எட்டும். ஆயினும் இரண்டும் ஓநாயின் வழித்தோன்றல்களே. இரண்டும் ஒரே இனமே. மனிதன் பல தலைமுறையாகத் தெரிந்து தெரிந்து இனம்பெருக்கி உடம்பைத்தான் சிறிதாக்கினான். உள்ளே இருக்கும் நாயைச் சிறிதாக்கினான் அல்லன். தன் எல்லையைக் காத்தல், ஓடுவதைத் துரத்தல், கிடைத்ததைக் கடித்தல், நிலத்தைக் கிண்டுதல், கூட்டத்தை விட்டுப் பிரிந்திருக்க ஆற்றாமை ஆகிய இயல்புகள் யாவும் மடியில் அடங்கும் நாயிடத்தும் உண்டு.

எந்த வேலைக்காக ஒரு நாய் ஆக்கப்பட்டதோ, அந்த வேலையை அது மறப்பதில்லை. ஆதலால் இனங்களின் வரலாற்றைச் சிறிது அறிந்து வைத்தல் நன்று.

டெரியர் எனப்படும் நாய்கள் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பிராணிகளையும் எலிகளையும் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்டவை. நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே அவற்றின் பெயரும் வந்தது. இக்காலத்திலே தலைமயிருக்கு நாடா கட்டி அலங்கரிக்கப்படும் யோக்ஷயர் டெரியர், 19ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நெசவாலைகளில் எலி பிடித்த நாயின் வழி வந்தது. அதன் முன்னே கோழிக்குஞ்சு ஒன்று ஓடினால் என்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட உடலும் குறுங்காலும் உடைய டாஷ்ஹண்ட் ஜெர்மனி நாட்டிலே பட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கைப் பிடிக்கப் பயன்பட்டது. பூங்கன்று நட்ட பாத்தியை அது கிண்டினால் அதனைக் குறும்பு என்று கடிதல் தகாது. அது தன் பாட்டனாரின் தொழிலைச் செய்கின்றது.

நம் நாட்டு வீடுகளிலே பெரிதும் விரும்பப்படும் பொமரேனியன், போல்ற்றிக் கடலின் தென்கரையிலுள்ள பொமரேனியாப் பகுதியின் பெயரைக் கொண்டது. அதன் முன்னோர் இப்போதுள்ளதிலும் பன்மடங்கு பெரியவர். 1888ஆம் ஆண்டிலே விக்டோரியா மகாராணியார் இத்தாலியின் புளோரன்ஸ் நகரிலிருந்து இவ்வினத்து நாயொன்றைக் கொண்டுவந்த பின்னர், சிறிய பொமரேனியனை விரும்புவது பெருவழக்காயிற்று. உடல் குறுகிற்று, குரல் மட்டும் குறுகவில்லை. படலை அசைந்தாலும் குரைக்கும். பல்லி ஓடினாலும் குரைக்கும்.

இனி, மடியில் வைத்துச் சீராட்டுவதற்கென்றே ஆக்கப்பட்ட நாய்களும் உள. சீன அரண்மனைகளிலே போற்றி வளர்க்கப்பட்ட பெக்கினீஸ் அத்தகையது. 1860ஆம் ஆண்டிலே பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் நகருக்கு அண்மையிலிருந்த கோடை அரண்மனையுட் புகுந்தபோது அகப்பட்ட ஐந்து நாய்களே மேனாட்டாருக்கு இவ்வினத்தை அறிமுகம் செய்தன. வேட்டை வேகம் இவற்றிடம் குறைவு. ஆனால் தனிமையைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. நாள் முழுதும் ஆளில்லாத வீடு இவற்றுக்குச் சிறையாகும்.

இவ்வாறு இயல்பை அறிந்த பின்னர் நாம் நோக்கவேண்டியது நம் நாட்டின் வெப்பம். மனிதனுக்கு உடல் முழுதும் வேர்க்கின்றது. வேர்வை உலரும்போது உடல் குளிர்கின்றது. நாய்க்கோ உள்ளங்கால்களிலன்றி வேர்வை பெரிதும் இல்லை. வாயைத் திறந்து, நாவை நீட்டி, விரைந்து மூச்சு விடுவதனாலேயே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. ஆகவே மூச்சு தடையின்றிப் போய்வரும் நீண்ட மூக்கு வெப்பநாட்டு நாய்க்கு ஒரு பெருஞ்செல்வம் ஆகும். பக், பெக்கினீஸ், பிரெஞ்சு புல்டோக் முதலிய சப்பை முகத்து நாய்களுக்கு அச்செல்வம் இல்லை. அவை உறங்கும்போது விடும் குறட்டையைக் கேட்டு நாம் நகைக்கிறோம். அது மூச்சுக்குப் படும் இடர் என்பதை உணர்வதில்லை. நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் அவை ஒருவாறு நலமாக வாழலாம். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலும், வவுனியாவின் ஆவணிக் காற்றிலும், மட்டக்களப்பின் புழுக்கத்திலும் அவற்றை வளர்ப்போர் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும். நண்பகலில் நடத்திச் செல்வதும், மூடிய மோட்டார் வண்டியுள் சிறிது நேரமேனும் விட்டுச் செல்வதும் உயிருக்கே உலையாகும்.

பொமரேனியனின் அடர்ந்த உரோமமும் குளிர்நாட்டிற்கு உரியதே. கோடை வந்தால் அதனை முற்றாக மழித்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அது பிழை. இரட்டை அடுக்காக அமைந்த அவ்வுரோமம் மழித்தபின் முன்போல வளராமற் போவதும் உண்டு. வெறுந்தோலை வெயில் சுடுவதும் உண்டு. நாள்தோறும் சீப்பினால் வாரிவிடுதலும், நிழலும் குளிர்ந்த தரையும் நீரும் கொடுத்தலுமே தக்க வழிகள். நாள்தோறும் வாரிவிட ஆளில்லாத வீட்டிற்குக் குறுமயிர் நாயே பொருத்தம்.

அடுத்தபடியாக, நாயைப் பார்ப்பதை விட்டு நம் வீட்டைப் பார்ப்போம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டிற்கு மிகச் சிறிய நாய் ஏற்றதன்று. குழந்தைக்கு ஆபத்து என்பதிலும், நாய்க்கு ஆபத்து என்பதே காரணம். இரண்டு மூன்று கிலோகிராம் நிறையுள்ள நாயின் முன்னங்கால் எலும்பு, பென்சிலிலும் மெல்லியதாக இருத்தல் கூடும். குழந்தையின் கையிலிருந்து நழுவி விழுந்தாலே அது முறியும். வலிகண்ட நாய் கடிக்கும். கடித்த நாய் பழி சுமக்கும். அத்தகைய வீட்டிற்கு ஏழெட்டுக் கிலோகிராமுக்கு மேற்பட்ட, உறுதியான உடலும் அமைந்த குணமும் உடைய நாயே நல்லது. எந்த நாயாயினும், சிறு குழந்தையோடு அதனைத் தனியே விட்டு அப்பாற் செல்லல் ஆகாது.

முதியோர் இருவர் மட்டும் வாழும் வீட்டிலே, காலைச் சுற்றிச் சுற்றி ஓடும் துடுக்கான குட்டி தடுக்கி விழுத்திவிடக் கூடும். அவர்களுக்கு மூன்று நான்கு வயதான, அடக்கம் படிந்த நாய் பெருந்துணையாகும். வளர்ந்த நாய் புதிய வீட்டை ஏற்காது என்பது வெறும் அச்சமே. சில வாரப் பொறுமையில் அது பழகிவிடும். அதன் குணமும் உருவமும் முன்னரே தெரிந்திருப்பது மேலதிக நன்மை.

வெள்ளவத்தையிலே அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்திற்கு, அடுத்த வீட்டாரின் உறக்கமும் ஒரு பொருட்டாதல் வேண்டும். அவர்கள் குரைப்பு மிகுந்த இனத்தைத் தவிர்த்தல் நலம். கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ வளவோடு கூடிய வீட்டில் வாழ்வோருக்கு இட நெருக்கடி இல்லை; ஆனால் வேலியில் உள்ள பொட்டு ஒவ்வொன்றும் சிறிய நாய்க்கு ஒரு வாயிலாகும். வேலியை அடைத்த பின்னரே குட்டியைக் கொண்டுவருதல் வேண்டும்.

இவ்விடத்திலே நம் ஊர்நாயைப் பற்றி ஒரு சொல் கூற விரும்புகின்றேன். சிறு நாய் என்றவுடன் வெளிநாட்டுப் பெயரையே நாம் தேடுகிறோம். நம் தெருக்களில் பிறக்கும் குட்டிகளுள் அடக்கமான உருவத்தோடு வளர்வன பல உள. குறுமயிரும் நீண்ட மூக்கும் இந்த வெயிலுக்கென்றே அமைந்தவை. அழகு கருதி மூக்கைச் சப்பையாக்கியும் முதுகை நீட்டியும் மனிதன் விளைத்த கேடுகள் அவற்றின் உடம்பில் இல்லை. குட்டியாக எடுக்கும்போது அது எவ்வளவு வளரும் என்பதைத் திட்டமாகச் சொல்ல இயலாது என்பது மெய்யே. தாயைக் கண்டால் ஓரளவு மதிக்கலாம். அரை வயதைத் தாண்டிய குட்டியாயின் ஐயம் பெரும்பாலும் தீரும். விலை இல்லாத காரணத்தால் அதனை மதிப்பில்லாததாகக் கருதுதல் நம் அறியாமையே.

குட்டியைத் தெரிந்தெடுக்கும் நாளைப் பற்றி இனிக் கூறுவேன். எட்டு வாரம் நிறைவதற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும் அந்நாட்களிலேயே, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு நோகும் என்பதை அது கற்றுக்கொள்கின்றது. பிறந்த இடத்திற்கே சென்று குட்டியைப் பாருங்கள், தாயையும் பாருங்கள். தாய் அன்பாகப் பழகினால் அது நல்ல அறிகுறி. தாயைக் காட்ட மறுத்து, வழியிலே ஓரிடத்தில் வைத்துக் குட்டியைத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் நாய் என்று புகழ்ந்து விற்கப்படும் குட்டிகளையும் விலக்குங்கள். அளவுக்கு மிஞ்சிச் சிறுத்த உடலிலே சர்க்கரைச் சத்து திடீரெனக் குறைந்து, ஒரு வேளை உணவு தவறினாலும் குட்டி சோர்ந்து விழுந்துவிடுதல் கூடும்.

குட்டிகளின் நடுவே தரையில் அமைதியாக அமருங்கள். மூலையில் ஒடுங்கி நடுங்குவதையும், மற்றவற்றை மிதித்துக்கொண்டு முந்தி வந்து கையைக் கவ்வுவதையும் விடுத்து, ஆவலோடு வந்து மணந்து பார்த்து, சிறிது விளையாடி, தூக்கினால் சற்றே நெளிந்து பின் அடங்கும் குட்டியைக் கருத்திற் கொள்ளுங்கள். கண் தெளிவாகவும், காது நாற்றமின்றியும், முரசு இளஞ்சிவப்பாகவும் இருத்தல் வேண்டும். உடல் மெலிந்து வயிறு மட்டும் ஊதியிருந்தால் குடற்புழு இருக்கலாம். உரோமத்தை விலக்கித் தெள்ளும் உண்ணியும் உண்டோ என்று பாருங்கள். நடக்கும்போது நொண்டுகின்றதோ என்றும் நோக்குங்கள். ஒரு முறை பார்த்த அன்றே கொண்டுவராமல், இன்னொரு நாளும் சென்று பார்த்தல் சாலச் சிறந்தது. மயக்கம் தெளிய ஓரிரவு போதும்.

ஆணா பெண்ணா என்ற வினாவும் எழும். குணத்தில் இரண்டும் நல்லனவே. பெண்குட்டி வேண்டாம் என்பதற்குப் பலர் கூறும் காரணம் அது ஈனும் என்பதே. மிருக வைத்தியர் செய்யும் கருத்தடைச் சத்திர சிகிச்சை அக்கவலையைத் தீர்க்கும். அதனை நாம் செய்யாமல் விடுவதனாலேயே, கண் விழியாத குட்டிகள் சாக்கிலே கட்டப்பட்டுச் சந்தை ஓரத்திலும் கோயில் வீதியிலும் விடப்படுகின்றன. அப்பாவத்திற் பெரும்பங்கு தாய்நாய்க்கு உரியதன்று.

வீட்டிற்கு வந்த குட்டியை முதலிற் கொண்டுசெல்ல வேண்டிய இடம் மிருக வைத்தியரிடம். குடற்புழு மருந்தும், டிஸ்டெம்பர், பார்வோ முதலிய கொடுநோய்களுக்குரிய தடுப்பூசிகளும் அவர் குறிக்கும் நாளிலே தவறாமற் கொடுக்கப்படல் வேண்டும். எல்லாவற்றிலும் தலையாயது நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி. 1885ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகத் தம் தடுப்பு மருந்தை ஏற்றி அவனைக் காத்தார். அதற்குப் பின்னும் இந்நோயின் தன்மை மாறவில்லை: வருமுன் தடுக்கலாம், குறிகள் தோன்றிய பின்னர்க் காப்பது அரிதினும் அரிது. நம் நாட்டிலே 1893ஆம் ஆண்டில் இந்நோய் பற்றிய கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டில் நாய்களைப் பதிவு செய்தல் பற்றிய கட்டளைச் சட்டமும் ஆக்கப்பட்டன என்பதிலிருந்தே இதன் கொடுமையை உணரலாம். சிறிய நாய், வீட்டை விட்டு வெளியேறாத நாய், அதற்கு ஊசி எதற்கு என்று வாளாவிருத்தல் ஆகாது. நோய்க்குப் பெரிய நாய், சிறிய நாய் என்ற வேற்றுமை தெரியாது; குட்டியின் பல்லும் நோயைக் கடத்தும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே 15 நிமிட நேரம் கழுவி, தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சளும் மந்திரமும் இதற்கு மருந்தல்ல.

உணவைப் பற்றிச் சிறிது. நம் வீட்டு மிச்சக் கறியிலே உப்பும் மிளகாயும் மட்டுமன்றி, வெங்காயமும் உண்டு. வெங்காயம் நாயின் குருதியைக் கெடுக்கும். சொக்கலேற்றும், திராட்சையும், உலர்ந்த திராட்சையும் அதற்கு நஞ்சு. ஒரு சிறு துண்டால் பெரிய நாய்க்கு நேராத கேடு, 3 கிலோகிராம் நாய்க்கு நேர்ந்துவிடும். சமைத்த கோழி எலும்பும் மீன்முள்ளும் தொண்டையையும் குடலையும் கிழிக்கும். முள் நீக்கிய மீனோ இறைச்சியோ அளவான சோற்றோடு, உப்பும் காரமும் சேராமற் கொடுக்கலாம். அவ்வுணவிலே குறையும் சத்துக்களை மிருக வைத்தியரிடம் கேட்டுச் சேர்த்தல் வேண்டும். அளவை மறவாதீர்கள். 4 கிலோகிராம் நாய் 1 கிலோகிராம் கூடுவது, 60 கிலோகிராம் மனிதன் 15 கிலோகிராம் கூடுவதற்குச் சமம். நீண்ட முதுகுடைய டாஷ்ஹண்டுக்கு அந்த மிகை நிறை முதுகெலும்பையே கேடுறச் செய்யும். சிறிய வாயிலே பற்கள் நெருங்கி முளைப்பதால் விரைவிற் காறை படியும். இளமையிலேயே பல் துலக்கப் பழக்குதல் நன்று.

சிறிய நாயைப் பழக்குவதில் நாம் செய்யும் பெரும் பிழை ஒன்றுண்டு. பெரிய நாய் வந்தவர்மீது பாய்ந்தால் அதட்டுகிறோம். சிறிய நாய் பாய்ந்தால் சிரிக்கிறோம். பெரிய நாய் உறுமினால் அஞ்சுகிறோம். சிறிய நாய் உறுமினால் அயலவரை அழைத்துக் காட்டுகிறோம். இவ்வாறு சிரித்துச் சிரித்தே ஒரு நல்ல நாயைக் கடிநாய் ஆக்கிவிடுகிறோம். உறங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கொண்டுசென்று, உரிய இடத்தில் கழித்தவுடனே பாராட்டினால் குட்டி விரைவில் ஒழுங்கைக் கற்கும். அடித்துப் பழக்குதல் அச்சத்தை மட்டுமே கற்பிக்கும். வீட்டில் உள்ளோர் அனைவரும் ஒரே கட்டளையை ஒரே சொல்லாற் கூறுதலும் இன்றியமையாதது. தாயார் "இறங்கு" என்ன, தமையன் "ஏறு" என்றால் நாய் எவர் சொற் கேட்கும்?

நிறைவாக ஒரு கணக்கைச் சொல்லி முடிக்கின்றேன். சிறிய நாய்கள் பெரிய நாய்களிலும் நீண்ட நாள் வாழ்வன. நன்கு பேணினால் 12 முதல் 15 ஆண்டு வரை வாழும். ஏழு வயது மகளின் விருப்பத்திற்காக இவ்வாண்டு ஒரு குட்டியைக் கொண்டுவருகின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாய்க்கு 14 வயதாகும்போது மகளுக்கு 21 வயது. அவள் பேராதனையிற் படித்துக்கொண்டிருப்பாள். அல்லது கடல் கடந்து போயிருப்பாள். பார்வை மங்கி, காது மந்தித்து, மாலையிலே படலையை நோக்கிக் கிடக்கும் அந்த முதிய நாய்க்குச் சோறு பிசைந்து கொடுக்கப்போவது அவள் அல்லள், நீங்களே. பிள்ளைக்கென்று தெரிந்தெடுக்கும் நாய், உண்மையில் தாய்தந்தையரின் நாய்.

ஆகவே, பிள்ளை கேட்டதற்காக மட்டும் இணங்காதீர்கள். அடுத்த 15 ஆண்டு இந்த உயிரை நாம் பேணுவோமா என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கேளுங்கள். இயலாது என்ற விடை வந்தால், அதைப் பிள்ளைக்கு எடுத்துரைத்தலும் ஒரு நற்போதனையே. வீதியிலே கைவிடப்பட்ட ஒரு நாயின் தொகை அதனாற் குறையும். இயலும் என்ற விடை வந்தால், வேலியை அடையுங்கள். தண்ணீர்ச் சட்டியை வாங்குங்கள். அதன்பின் குட்டியைப் பார்க்கப் புறப்படுங்கள். உருவத்திற் சிறிய அந்த விருந்தாளி, உங்கள் வீட்டிலே தனக்குரிய இடத்தைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும்.